வீட்டிலிருந்து வந்த விரிப்பு

வலது இடுப்பில் தொடங்கிக் குதிகால் வரைக்கும் யாரோ கம்பி விட்டு முறுக்குவது மாதிரி வலி. ஒரு காலை மடக்கிக்கொண்டு மறு காலில் நின்றேன்.

"என்னடி, மீன் பிடிக்கப் போறியா? கொக்கு மாதிரி நிக்கிற" என்றாள் சைரன் அக்கா.

"இடுப்புக்கா."

"இடுப்பு இருக்கறவளுக்குத்தான் வலிக்கும். எனக்கு அது கரைஞ்சே போச்சு. மூலையைப் பிடி."

பிடித்தேன். எங்கள் சலவைக்கூடத்துக்கு மருத்துவமனைகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். துவைத்துப் பிழிந்த பிறகும் ஈரம் குடித்துக் கல்லாகக் கனக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துச் சூடான ரோலருக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் காய்ந்து, மடிப்பில்லாமல், காகிதம் போல வரும். கண்ணை மூலையிலிருந்து எடுக்கக் கூடாது. பக்கத்தில் நிற்பவள் முகத்தைப் பார்த்துப் பேசினால் விரல் உள்ளே போய்விடும். அதனால் நானும் அக்காவும் வருடக்கணக்கில் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசித் தீர்த்திருந்தாலும், முகம் பார்த்துப் பேசியது குறைவு. மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கிற குரல் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம். வண்டியில் வருகிற கறையைப் பற்றி யார் என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஓட்டல் விரிப்பை உதறிப் பார்த்தே அந்த அறையில் நடந்தது கொஞ்சலா சண்டையா என்று பந்தயம் கட்டுவோம். ஆனால் எங்களில் ஒருத்தி வீட்டிலிருந்து எதையாவது சுருட்டி எடுத்துவந்து மெஷினுக்குள் திணித்தால், அதை யாரும் பார்க்கவில்லை. அவளிடமும் கேட்க மாட்டோம், பின்னால் பேசவும் மாட்டோம். இதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே புரிந்துவிடும்.

சில காலைகளில் அக்கா ஒரு சின்ன விரிப்பைக் கொண்டுவருவாள். யானைப் படம் போட்டது. நடுவில் மஞ்சள் வட்டம். அவளுக்கு எட்டு வயதில் ஒரு மகள். நான் அந்த விரிப்பைப் பார்த்ததே இல்லை.

மகள் பள்ளியில் மற்ற பிள்ளைகளைக் கடிப்பாள் என்பது வேறு விஷயம். அதை அக்காவே கூடம் அதிரச் சொல்லுவாள். "இன்னிக்கு வாத்தியாரையே கடிச்சுட்டாளாம். நல்ல வேளை, கணக்கு வாத்தியாரு." அப்படித்தான் அந்தப் பிள்ளைக்குப் பல்லழகி என்று நாங்கள் பேர் வைத்தோம்.

நான் மாலை வகுப்பில் படித்து ஒரு பட்டம் வாங்கி வைத்திருந்தேன். அதை வைத்துப் பள்ளி உளவியல் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று தெரிந்தது. படித்து முடித்தால் பள்ளிகளில் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. போன வருடம் விண்ணப்பித்தேன், நேர்முகத்துக்கே கூப்பிடவில்லை. இந்த வருடமும் கிடைக்காவிட்டால் விட்டுவிடுவது என்று இருந்தேன். என் இடுப்பு அதற்கு மேல் காத்திருக்காது.

கேட்டது மூன்று. பட்டச் சான்றிதழ், வேலை கொடுத்தவரின் பரிந்துரைக் கடிதம், "நான் ஏன் இந்தப் படிப்பை விரும்புகிறேன்" என்று ஒரு கட்டுரை.

கடிதத்துக்கு எங்கள் மேற்பார்வையாளரிடம் போனேன். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கஞ்சி. சட்டை, முகம், நடை எல்லாமே விறைப்பு.

"உளவியலா? எனக்குத் தெரிஞ்சதைத்தான் எழுதுவேன்" என்றார்.

எழுதினார். 'இவர் ஈர மூட்டையைத் தனியாகத் தூக்குவார். கையிலிருந்து எதையும் நழுவ விட்டதில்லை. கழிப்பறைக்குப் போனால் சீக்கிரம் திரும்புவார். திருடியதில்லை. யார் திட்டினாலும் அழுவதில்லை. ஆகவே குழந்தைகளின் மனதைக் கவனிக்கத் தகுதியானவர்.'

"அந்தக் கடைசி வரி எங்கேருந்து சார் வந்துச்சு?"

"கடிதம்னா முடிக்கணும்ல?"

கட்டுரைதான் கழுத்தை அறுத்தது. முதலில் உண்மையை எழுதினேன். 'ரோலர் முன் நின்று நின்று என் இடுப்பு போய்விட்டது. எனக்கு உட்கார்ந்து செய்யும் வேலை வேண்டும். பள்ளி உளவியலாளருக்கு ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, மூடக்கூடிய ஒரு கதவு இருப்பதைப் பார்த்தேன்.' வீட்டில் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். வாழ்நாள் முழுக்கச் சந்தையில் மூட்டை தூக்கியவர்.

"இடுப்பு வலின்னா டாக்டர்கிட்ட போ. இதுக்கு எதுக்குக் காலேஜு?" என்றார்.

"வேற என்னப்பா எழுத?"

"மத்தவன் கஷ்டத்தை எழுது. நம்ம கஷ்டத்தை எழுதினா பிச்சை கேக்கற மாதிரி இருக்கும்."

அந்த இரவு கிழித்துப் போட்டுவிட்டு மத்தவன் கஷ்டத்தை எழுதினேன். என்னோடு சலவைக்கூடத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் மகள், எட்டு வயது, பள்ளியில் கடிக்கிறாள். ஏன் கடிக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அவள் இரவில் படுக்கையை நனைக்கிறாள். காலையில் அந்த வாசனை அவளோடு பள்ளிக்குப் போகிறது. பக்கத்தில் உட்காருகிற பிள்ளை மூக்கைச் சுளிக்கிற நொடியில் பல் முந்திக்கொள்கிறது. யானை விரிப்பையும் விடவில்லை. வாசித்தபோது எனக்கே கண் கலங்கியது. மறுபடி வாசித்தேன், மறுபடி கலங்கியது. கை நன்றாக எழுதிவிட்டால் புத்தி எங்கே போகும் என்று அன்றுதான் பார்த்தேன்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

நீள மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் துறைத் தலைவர், சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். ஒரு பக்கம் ஓர் இளம் பேராசிரியர். மறு பக்கம் பள்ளிகளில் வேலை செய்கிற உளவியலாளர் அம்மா, நரைத்த தலை, தோளில் துணிப்பை. என் நாற்காலி நல்ல நாற்காலி. உட்கார்ந்ததும் இடுப்பு நன்றி சொன்னது.

தலைவர் கஞ்சியின் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். "கழிப்பறைக்குப் போனால் சீக்கிரம் திரும்புவார். இவ்வளவு நேர்மையான பரிந்துரை என் சர்வீஸ்லயே வந்ததில்ல" என்றார். இளம் பேராசிரியர் சிரித்தார். நானும் சிரித்தேன். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"கட்டுரையும் அருமை. அந்த யானை விரிப்பு, அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது" என்றார் தலைவர்.

உளவியலாளர் அம்மா மட்டும் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. வாசித்துக்கொண்டே இடது கையால் தாளைப் புரட்டினார். மணிக்கட்டுக்கு மேலே, ஆறிக்கொண்டிருந்த ஒரு பிறை. சின்னச் சின்னப் பற்கள், வரிசையாக. வாசித்து முடித்ததும் சட்டைக் கையை மெதுவாக இறக்கி அதை மூடினார்.

அது யாருடைய பல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இந்தக் குழந்தையோட அம்மாகிட்ட கேட்டுட்டா எழுதினீங்க?"

"பேரு போடலைங்க மேடம்."

"லாண்டரின்னு போட்டிருக்கீங்க. எட்டு வயசு, பொண்ணு, கடிக்கும். இந்த ஊர்ல எத்தனை லாண்டரி இருக்கு?"

எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.

அவர் தலைவர் பக்கம் திரும்பி, "இந்த விண்ணப்பத்துக்கு நான் மார்க் போட மாட்டேன் சார்" என்றார்.

"ஏன்?"

"சொல்லக் கூடாது."

தலைவர் மூக்கை உறிஞ்சியபடி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம், அந்தப் பிள்ளையோட அம்மாவைக் கூப்பிட்டு இதைக் கேட்டுராதீங்க" என்றேன். குரல் கெஞ்சலாக வந்தது.

"எதை?" என்றார் அவர். முகத்தில் ஒன்றுமே இல்லை. எங்கள் கூடத்து முகம் அது. வீட்டு விரிப்பு உள்ளே போகும்போது நாங்கள் வைத்துக்கொள்கிற முகம். படித்துவிட்டு வந்து அந்த முகத்தை வைத்திருக்கிறார். நான் அதைக் கூடத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

தலைவர் கட்டுரையை என் பக்கம் தள்ளினார். "நல்லா எழுதறீங்க. ஆனா இந்தக் குழந்தையை இதுலேருந்து எடுத்துடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேற எழுதிக் கொடுங்க. அப்புறம் முடிவு பண்றோம். சரி, வாயாலயே சொல்லுங்க, ஏன் இந்தப் படிப்பு?"

இனி மறைக்க ஒன்றும் இல்லை. "உட்கார்ந்து செய்யற வேலைங்க சார். இடுப்பு போச்சு."

முதன்முறையாக உளவியலாளர் அம்மா சிரித்தார். "உட்காரலாம்னு யார் சொன்னா? நான் பாதி நாள் மேசைக்கு அடியில தவழ்ந்துக்கிட்டு இருக்கேன்."

அன்று இரவே இடுப்பை எழுதினேன். முதல் கட்டுரையே, கொஞ்சம் நீட்டி. மறுநாள் ரோலர் முன்னால் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகம் பார்க்காமல், மூலையைப் பார்த்துக்கொண்டே. கட்டுரை, யானை, மஞ்சள் வட்டம், அந்த அம்மாவின் மணிக்கட்டு.

அக்கா மூலையை விட்டுவிட்டாள்.

விரிப்பு கோணலாக உள்ளே போய் ரோலரில் சுருண்டு சிக்கியது. புகை. மெஷினை நிறுத்தினார்கள். கஞ்சி ஓடி வந்தார். "யார் விட்டது? யார் கை?"

"என் கைதான் சார்" என்றேன்.

"உன் கடிதத்துல ஒரு வரி தப்பா எழுதிட்டேன் போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா என்னை நேராகப் பார்த்தாள். இவ்வளவு நாளில் அவள் கண் பழுப்பு என்று எனக்குத் தெரியாது. கூடமே காது கொடுத்து நின்றது. ஆனால் சைரன் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள், அதுதான் பயமாக இருந்தது.

"என் பொண்ணு மூத்திரத்தை வித்து சீட்டு வாங்கப் பாத்தியாடி?"

மெஷின் திரும்ப ஓடியது. அதற்குப் பிறகு மூலையைப் பிடிப்பாள், விடுவாள், பேச மாட்டாள். பேச்சில்லாத ரோலர் எவ்வளவு சூடு என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதிய இடைவேளையில், படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது என்ற செய்தி வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் கூடத்துக்குத் தெரிந்துவிட்டது. மாலை கடைசி விரிப்பை விடும்போது அக்கா வாயைத் திறந்தாள்.

"எதை எழுதிக் கிடைச்சுது?"

"என் இடுப்பை."

"அதை முதல்லயே எழுதித் தொலைச்சிருக்கலாமே."

"அப்பா வேண்டாம்னாரு."

"உங்கப்பன் பேச்சைக் கேட்டு என் வீட்டுத் துணியை நடுத்தெருவுல காயப்போட்டியா? அவரு மூட்டை தூக்கினாரு, நீ மானத்தைத் தூக்கிட்டே. குடும்பத் தொழிலு." பல நாளுக்குப் பிறகு அந்தக் குரல் மெஷினைத் தாண்டிக் கேட்டது. பக்கத்து மேசையில் துணி மடித்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. கஞ்சியின் கடிதத்தில் இன்னொரு வரியும் தப்பு.

"மன்னிச்சிருக்கா."

"என்கிட்ட ஏன் கேக்கற? அது என் விரிப்பா? அவ விரிப்பு. அவகிட்ட போய்க் கேளு."

"எட்டு வயசுப் பிள்ளைகிட்ட என்னன்னு சொல்றது?"

"எட்டு வயசுப் பிள்ளைங்ககிட்ட பேசத்தானே படிக்கப் போறே?" என்றாள். "கடிச்சா வாங்கிக்க."

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது பல்லழகிதான். ஒல்லி, முட்டியில் சிராய்ப்பு, முன்பல் ஒன்று இல்லை.

"நீங்கதான் அம்மாகூட துணி விடறவங்களா?"

"ஆமா."

"என் பல்லு விழுந்துருச்சு" என்று வாயைத் திறந்து காட்டினாள். "இப்ப கடிச்சா நடுவுல ஓட்டை விழும்."

உள்ளே கயிற்றில் யானை விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். சட்டென்று வெளியே வந்து கதவைச் சாத்தி, அதில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் எதற்கென்று சொல்ல வேண்டும். எதற்கென்று சொன்னால், வெளியாட்கள் யாருக்கும் தெரியாது என்று அவள் நம்பிக்கொண்டிருப்பது எனக்கும், நீள மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேருக்கும் தெரியும் என்று சொல்ல வேண்டும். அவள் முதுகு கதவோடு ஒட்டியிருந்தது. நான் கூடத்து முகத்தை வைத்துக்கொண்டேன்.

"அம்மா இருக்காங்களா?"

"குளிக்கிறாங்க."

"வந்துட்டுப் போனேன்னு சொல்லு."

"எதுக்கு வந்தீங்க?"

"சும்மா."

நம்பாத கண்ணோடு பார்த்தாள். நான் படி இறங்கினேன், ஒவ்வொரு படிக்கும் இடுப்பு ஒரு வார்த்தை சொன்னது.

நாளை எனக்குக் கல்லூரியில் முதல் வகுப்பு. பல்லழகிக்கு நான் ஒரு மன்னிப்பு பாக்கி.