மடங்கிய பெருவிரல்

வெட்டி எடுத்த காலில் பெருவிரல் மடங்கிக்கொண்டு உயிர் போகிறதாம். இதைக் கேட்டுச் சிரிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். கால் போன அந்த டிரைவர் பக்கத்தில் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும், சிரிப்பு எங்கே போகிறதென்று தெரியும்.

மசாஜ் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கை கால் போனவர்களுக்குத் தடவிக்கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. ஆஸ்பத்திரியில் அவளைக் கைராசிக்காரி என்பார்கள். இந்த மனுஷனிடம் மட்டும் அந்த ராசி பல்லிளித்தது.

"வலி கால்வாசியாவது குறைஞ்சிருக்காண்ணே?"

"காலே முழுசா குறைஞ்சு போச்சு, இனி கால்வாசிக்கு எங்கம்மா போறது?"

நக்கலுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் நாளைக்கே டாக்டரிடம் போய், முட்டிக்கு மேலேயும் வெட்டிவிடச் சொல்லப்போவதாக ஒற்றைக் காலில் நின்றார். பாவி மனுஷன், அதையும் அவரே சொல்லிச் சிரித்தார்.

அவர் மனைவி அக்காவை வாசலிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். "இன்னும் வெட்டினா வலி போகும்னு டாக்டரே உறுதியா சொல்லலைக்கா. இன்னிக்குக் கொஞ்சமாவது விட்டாத்தான் இவரு மனசு மாறும். எப்படியாவது பண்ணுங்க."

அக்கா தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். முட்டிக்குக் கீழே மொட்டையாக நின்ற காலுக்கு வெந்நீர்த் துண்டைச் சுற்றினாள். தழும்பைச் சுற்றி எண்ணெய் விட்டு நீவினாள். தொடையில் கல்லாக இறுகிக் கிடந்த சதையைப் பிசைந்தாள். பிறகு நல்ல காலின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து விரித்தாள்.

"கண்ணை மூடிக்குங்க. அந்தக் கால் விரலும் கூடவே விரியுதுன்னு நினைங்க."

"சுண்டுவிரல் விட்டுடுச்சு," என்றார் டிரைவர். அக்கா அடுத்தடுத்த விரலாக விரித்துக்கொண்டே வந்தாள். "பெருவிரல்... அட, விடுதும்மா. விடுது!"

மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "நாளைக்கு டாக்டர்கிட்ட போக வேணாம்," என்றார்.

கதவோரம் நின்ற மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. "நெசமாவா சொல்றீங்க?" என்று ஓடிவந்து கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள். கால்மாட்டில், வலது பக்கம், விரிப்பு காலியாகக் கிடந்த இடத்தில். வேறு எங்கேதான் உட்காருவாள், மற்ற இடமெல்லாம் அவர்தானே படுத்திருந்தார்!

டிரைவர் அலறினார். "எந்திரி! என் கால் மேல உட்கார்ந்துட்டியே!"

அவள் தீயை மிதித்தவள் போலத் துள்ளி எழுந்தாள். எழுந்து என்ன பயன்? விரல் முன்னைவிட மோசமாக மடங்கிவிட்டது. அக்கா மறுபடி தொடப் போனாள். அவர் கையைத் தட்டிவிட்டார்.

"வெட்டச் சொல்லுங்க. எவ்வளவு மேல வேணும்னாலும் வெட்டட்டும்." அந்தக் குரலில் நக்கல் இல்லை.

வெட்டினாலும் போகுமென்று நிச்சயமில்லை என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். அதைச் சொன்னால் இந்த ஆளுக்கு மிச்சம் என்ன இருக்கும்? வாயை மூடிக்கொண்டாள். யார் மேலாவது கோபப்படலாம் என்றாலும், யார் மேல் படுவது?

மனைவி சுவரோடு ஒட்டி நின்றாள். பக்கத்தில் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"அக்கா," என்றாள், அவர் காதில் விழாத குரலில். "இவரு கால் எதுவரைக்கும் நீண்டிருக்குன்னு காட்டுங்க. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

அக்கா கட்டிலைப் பார்த்தபடியே நின்றாள். எங்கே என்று கையைக் காட்டுவாள்?