பேட்டரி வராத பெட்டி

மூசூசு மருத்துவமனையில் நோயாளிகளின் பதிவுகளைச் சேமிக்கும் புதிய வட்டுப் பெட்டியை நிறுவிக்கொண்டிருந்த கணினிப் பொறியாளர் தவோங்கா கடைசி அமைப்பில் தயங்கினாள். செவிலியர்கள் பதிவதைப் பெட்டி தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு உடனே 'சேமித்தாயிற்று' என்று சொல்லிவிட்டுப் பிறகு வட்டில் எழுதுவதா, எழுதி முடித்த பிறகே சொல்வதா? முதல் வழி வேகம். ஆனால் மின்சாரம் போனால் நினைவகத்தைக் காக்கத் தனி பேட்டரி வேண்டும். அது இன்னும் தார் எஸ் சலாம் துறைமுகத்திலேயே கிடந்தது. அறையின் யூபிஎஸ்ஸும் செத்துப்போயிருந்தது.

இரண்டாவது வழியை வைத்தாள். மதியமே நிர்வாகி ம்கண்டவிரே வந்துவிட்டார்.

"என்னம்மா, ஊசி போட்டதைப் பதியறதுக்குள்ள நோயாளி குணமாகி வீட்டுக்கே போயிடுவான் போல."

"பேட்டரி வரட்டும் சார்."

"ஜெனரேட்டர் இருக்குல்ல?"

"அது கிளம்பறதுக்குள்ள எல்லாம் போயிடும்."

"அந்தக் கொஞ்ச நேரத்துல என்ன பெருசா போயிடும்? மாத்தி விடு. நான் பார்த்துக்கறேன்."

திரை எச்சரித்தது. அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சம்மதம் என்று அழுத்தினாள்.

வார்டுகளில் வேலை பறந்தது. "இப்பதான் அக்கா மூச்சு விட முடியுது" என்றாள் செவிலி லுசுங்கு. தவோங்காவோ அன்றிலிருந்து மேகம் திரண்டாலே ஜன்னலுக்குப் போனாள்.

ஒரு மாலை, செவிலியர்கள் முறை மாறும் நேரத்தில் இடி இறங்கி மின்சாரம் போனது. ஜெனரேட்டர் உறுமியது. பெட்டியில் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தன.

"பார்த்தியா, ஒண்ணும் ஆகலை" என்று சிரித்தார் ம்கண்டவிரே.

முக்கால் மணி நேரத்தில் வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். அவள் ஓடினாள். படுக்கையில் சர்க்கரை நோயாளியான ஹராவா வாத்தியார் வியர்வையில் நனைந்து கிடந்தார்.

"எத்தனை தடவைம்மா குத்துவீங்க?" நாக்கு குழறியது. "லுசுங்கு அப்பவே போட்டுட்டுத்தானே போனா."

"பதிவுல இல்லையே" என்றாள் அடுத்த முறைக்கு வந்த புதிய செவிலி. அவள் போட்டதும் அதே இன்சுலின்தான்.

நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வாத்தியார் மெல்லத் தெளிந்தார். தவோங்கா இறங்கிப் போய், யாரையும் கேட்காமல் அமைப்பைத் திருப்பி வைத்தாள். எந்தப் பதிவுகள் தொலைந்தன என்று தேடினாள். தொலைந்ததற்கு அடையாளமே இல்லை. வீடு திரும்பிக்கொண்டிருந்த லுசுங்குவின் போனும் கிடைக்கவில்லை.

மேலே வந்து ஒவ்வொரு படுக்கையாக நின்று கேட்டாள்: "இன்னிக்கு உங்களுக்கு என்னென்ன மருந்து குடுத்தாங்க?" முகம் வெளுத்த ம்கண்டவிரே பின்னாலேயே வந்து எழுதிக்கொண்டார். பேச முடிந்தவர்கள் சொன்னார்கள்.

கடைசியில் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் தள்ளினாள். உள்ளே ஐந்து பேர். ஒருவருக்கும் சுயநினைவில்லை.