சாமைக்கொல்லைக்கு ஒரு டோலி

எங்கள் ஷூ கம்பெனியின் சின்ன முதலாளி தன்சீல் அகமதுவுக்குக் காட்டில் வாழக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்ததற்கு நான் காரணமில்லை. ஆனால் எந்தக் காடு என்பதற்கு நான்தான் காரணம். அந்த முட்டாள்தனத்துக்காக என்னை நானே இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆம்பூரில் அந்தக் கம்பெனிக்கு நான் டிரைவர், பெயர் மதியழகன். வாரக் கடைசியில் மட்டும் வீடு. வீடு இருப்பது அணைக்கட்டு டவுனுக்கு மேலே மலையில், சாமைக்கொல்லை என்ற ஊரில். அடிவாரத்துத் தார் ரோட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர் மண்பாதை. அதில் இரண்டு வளைவுகள் உண்டு. மழை பெய்தால் அங்கே எந்த வண்டியும் ஏறாது. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் மூங்கிலில் போர்வையைக் கட்டி, டோலியில் தூக்கிக்கொண்டு இறங்குவோம். என் மகள் இரண்டாவது வளைவில்தான் பிறந்தாள். பிறந்த இடம் என்று என்ன எழுதுவது என நர்சம்மா என்னையே கேட்டார். இது நடந்தபோது என் மனைவி ஜோதிக்கு மறுபடியும் ஏழாம் மாதம்.

ஒவ்வொரு வருடமும் கம்பெனி ஊருக்கு ஏதாவது நல்லது செய்தாக வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு, பஸ் நிலையத்துக்குத் தண்ணீர்த் தொட்டி என்று அதை முடிவு செய்கிறவர் தன்சீல் பாய். ரோடு போட பாரஸ்ட்காரர்களிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டு ஒரு வருடமாக அவரிடம் நடையாய் நடந்துகொண்டிருந்தேன்.

"ரெண்டு வளைவுக்கு மட்டும் சிமெண்ட் குடுங்க பாய். கல்லு, ஆளு எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

"பாக்கலாம் மதி" என்பார். பார்க்கவே மாட்டார்.

அப்போதுதான் அவர் பெரிய ஜீப் ஒன்று வாங்கினார். மேலே கூடாரம், முன்னால் இழுவைக் கயிறு, பக்கவாட்டில் மண்வெட்டி. அந்த மண்வெட்டி ஜீப்பைவிடச் சுத்தமாக இருந்தது. ரோடு இல்லாத இடத்தில் வண்டி ஓட்டவும் கூடாரம் போட்டுத் தங்கவும் கற்றுக்கொடுக்க பெங்களூரிலிருந்து தபரேஸ் என்று ஒரு மாஸ்டரையும் பிடித்தார். ரோடே இல்லாத இடம் எது என்று என்னைக் கேட்டார். ஒரு தடவை கண்ணால் பார்த்தால் சிமெண்ட் கொடுப்பார் என்று கணக்குப் போட்டு நானே வாயைக் கொடுத்தேன்.

"எங்க ஊருக்கு வாங்க பாய். ரோடுன்ற பேச்சே கெடயாது."

இரண்டு ஜீப்புகள் கிளம்பின. இன்னொன்று வாணியம்பாடியில் தோல் மண்டி வைத்திருக்கும் அவருடைய தோஸ்த் ஷபீ அஹமதுவினுடையது. சாமான்களோடு பின்னால் நான், கம்பெனியின் பழைய பிக்கப்பில். அடிவாரத்தில் முதல் பாடம்: டயரில் பாதிக் காற்றைப் பிடுங்குவது. பாலாற்று மணலில் வண்டி ஓட்டிய எவனுக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் தபரேஸ் மாஸ்டர் அதை அரைமணி நேரம் சொன்னார், இவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். இரண்டாம் பாடம் வாக்கி டாக்கி. இரண்டு ஜீப்புக்கும் நடுவில் பத்தடிதான் இருந்தது.

"ஷபீ பாய், என் பின்னாடி தான வர்றீங்க? ஓவர்."

"ஆமா, உங்க வண்டிதான் முன்னாடி தெரியுது. ஓவர்."

வளைவுகளில் ஜீப்புகள் உறுமி, சறுக்கி, கடைசியில் ஏறிவிட்டன. காய்ந்த நாள் என்பதால் என் பிக்கப்பும் எந்தப் பாடமும் படிக்காமல் ஏறியது. தபரேஸ் மாஸ்டர் ஒரு சமவெளியைக் கண்டுபிடித்து, கையை விரித்து, "இங்க மனுஷன் காலே பட்டிருக்காது!" என்றார். அது நான் போன மாதம் சாமை அறுத்த கொல்லை. மேட்டுக்கு அந்தப்பக்கம் என் வீட்டுக் கோழி கூவியதை அவர் காட்டுக்கோழி என்று விளக்கினார். நான் தலையாட்டினேன். எனக்கு சிமெண்ட் வேண்டியிருந்தது.

சிக்கிமுக்கிக் கல்லில் நெருப்பு உண்டாக்குவது, ஓடைத் தண்ணீரைக் குழாயால் உறிஞ்சிக் குடிப்பது, குழி தோண்டி வெளிக்குப் போய் மூடுவது என்று வரிசையாகப் பாடம் நடந்தது. குழி ஆறு அங்குலம் இருக்க வேண்டும் என்று மாஸ்டர் ஸ்கேல் வைத்துக் காட்டினார். எங்கள் ஊரில் எல்லோரும் இந்தப் படிப்பை முடித்தவர்கள், சர்டிபிகேட்தான் யாரும் தரவில்லை. தன்சீல் பாய் நாற்பது நிமிடம் கல்லை உரசினார். பாவமாக இருந்தது, தீப்பெட்டியை நீட்டினேன். மாஸ்டர் என்னை முறைத்தார்.

நல்ல நேரம் பார்த்துப் பேச்சை எடுத்தேன். "பாய், அந்த வளைவு..."

"சூப்பர் மதி! அது மேல கைய வெக்கவே கூடாது. அதான் இந்த ட்ராக்கோட உயிரு."

நான் தீப்பெட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை லேசாகத் தூறிவிட்டது. இறங்கும்போது இரண்டாவது வளைவில் ஷபீ பாயின் ஜீப் பாதைக்குக் குறுக்கே சிக்கி நின்றது. தன்சீல் பாய் இறங்கி, கை சைகை காட்டி வழிநடத்தப் போனார். காலில் எங்கள் கம்பெனி புதிதாகச் செய்த மலையேற்ற ஷூ, சாம்பிள் ஜோடி. ஈரப் பாறையில் அடி வைத்தார். ஷூவின் அடிப்பாகம் பாறையோடு நின்றுகொண்டது, மேல்பாகம் அவரோடு போனது. கணுக்கால் ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது.

ஷபீ பாயின் ஜீப் அசையவில்லை, அதற்குப் பின்னால் நின்ற எங்கள் வண்டிகளுக்கும் வழியில்லை. இழுவைக் கயிற்றைக் கட்ட மரம் தேடிய தபரேஸ் மாஸ்டர், பிறகு தண்ணீர் பாட்டிலைத் தேடினார். நான் ஊருக்குள் ஓடினேன். எட்டுப் பேர் மூங்கிலும் போர்வையும் எடுத்து வந்தார்கள். தோள் மாற்றித் தோள் மாற்றி, வழுக்கும் பாதையில் சின்ன முதலாளியைச் சுமந்துகொண்டு இறங்கினோம். வழியெல்லாம் ஒரே அலறல்.

"மெதுவா! யா அல்லா, மெதுவா! என்னா ரோடுய்யா இது!"

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அடிவாரத்தில் ஆம்புலன்சில் ஏற்றும்போது என் கையை இறுக்கிப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "இவ்ளோ நாளா நான் கவனிக்கல மதி. உங்க ஜனங்களுக்கு நான் செய்றேன். வாக்கு."

ஊருக்குப் போய்ச் சொன்னேன். கூலிக்குப் போவதைக்கூட விட்டுவிட்டு, எல்லோருமாகக் கல் உடைத்து இரண்டு வளைவிலும் குவித்தார்கள்.

ஆறு வாரம் கழித்து என்னை சாம்பிள் ரூமுக்குக் கூப்பிட்டார். காலில் கட்டோடு நாற்காலியில் இருந்தார். மேஜை மேல் ஒரு டோலி. முழுக்கத் தோல். சோபாவுக்குப் போடும் முதல்தரத் தோல், இரட்டைத் தையல், உள்ளே பஞ்சு, தண்ணீர் பாட்டிலுக்குப் பை, பக்கத்தில் கம்பெனி முத்திரை.

"அன்னிக்கி இன்னா ப்ராப்ளம் தெரியுமா மதி? அந்தப் போர்வைதான். ஒரே முடிச்சு. மூணு வாரம் முதுகு வலி. இது நூத்தம்பது கிலோ தாங்கும், டெஸ்ட் பண்ணிட்டோம்."

தோல்காரர் கண்ணுக்கு ஏழு கிலோமீட்டரில் தெரிந்தது துணி ஒன்றுதான். "சிமெண்டு பாய்?" என்றேன்.

"சிமெண்ட் போட்டா ட்ராக் கெட்டுப்போய்டும். மாசத்துக்கு ஒரு பேட்ச் கூட்டிட்டு வர்றதா தபரேஸ் கிட்ட பேசிட்டேன்."

கேட் முன்னால் பேனர் கட்டி, டோலியை என் கையில் கொடுப்பதுபோல் போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் நான் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஊரில் மழை, பிக்கப் முதல் வளைவிலேயே நின்றுவிட்டது. டோலியைத் தலையில் சுமந்துகொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன். இதற்கே ஒரு ஆள் கனம் இருந்தது.

ஜோதி அதைத் தடவிப் பார்த்தாள். நாள் நெருங்கிவிட்டது. "நல்லாதான் தெச்சிருக்காங்க. இதுல படுத்து இறங்கறதவிட, கால் நடக்கும்போதே நான் இறங்கிடறேன். அணைக்கட்டுல எங்க அத்த வீட்ல இருந்துக்கறேன்" என்றாள். டோலியைக் கோழிக் கூண்டின் மேல் போட்டாள். மழைக்கு நன்றாகத் தாங்கியது.

மறுநாள் காலை புறப்பட்டோம். துணிமூட்டையோடு நான் பின்னால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால். இரண்டாவது வளைவில் மூச்சு வாங்கியது. பாதி பாதை வரை சரிந்து கிடந்த எங்கள் கற்குவியலில் அவளை உட்காரவைத்தேன்.

கீழேயிருந்து உறுமல் கேட்டது. புது பேட்ச், டயரில் சங்கிலி மாட்டிய நான்கு ஜீப்புகள். முதல் ஜீப் எங்களுக்கு இருபதடி முன்னால் நின்றது. அதை ஓட்டிவந்தவரை எனக்குத் தெரியாது. அவர் கையிலிருந்த வாக்கி டாக்கியை உயர்த்தினார்.

"வளைவுல ஒரு லேடி உக்காந்திருக்காங்க. ஓவர்."

கரகரப்பு. பிறகு, கடைசி ஜீப்பிலிருந்து தன்சீல் பாயின் குரல்.

"ஒதுங்கச் சொல்லுங்க. ஓவர்."