மை கரைந்த இரண்டு குப்பிகள்

"நான் பென்சில்தான் எடுத்தேன்னு சொல்றேன்ல—"

"அப்ப இது என்ன? துடைச்ச காகிதம் நீலமா இருக்கே. வானத்தையா துடைச்சீங்க?"

"பத்துக் குப்பியில பென்சில்தான்யா! கடைசி ரெண்டுல முனை உடைஞ்சுபோச்சு, அதான்—"

"அதான் பேனாவா? வர்றவன் போறவனுக்கெல்லாம் 'மை கரையும், பென்சில்ல எழுது'ன்னு இருபது வருஷமா தொண்டை கிழியக் கத்தினது யாரு தாயே? நானா?"

ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறி மிதித்துக்கொண்டிருந்த இருவருமே ஐம்பதைத் தாண்டியவர்கள். மறதி நோயில் இறந்தவர்கள், அந்த நோயில்லாமல் இறந்தவர்கள் இருசாராரின் மூளைத் துணுக்கிலிருந்தும் கொழுப்பைப் பிரித்தெடுப்பது அவள் வேலை. அதனால் அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கொழுப்புக்காரி என்று பேர். பிரித்த கொழுப்பை ரகம் ரகமாக அளக்கும் இயந்திரத்துக்குள் ஊசியால் ஏற்றுவது அவர் வேலை. பேச்சும் குத்தும் என்பதால் அவர் ஊசி.

மேசைமேல் பன்னிரண்டு கண்ணாடிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பட்டை. கரைப்பானில் கலக்கிவிட்டால் மூளையின் கொழுப்பெல்லாம் மெல்ல அடியில் இறங்கிவிடும். அதை உறிஞ்சி எடுத்து, வாயுவால் ஊதி உலர்த்தினால், அடியில் ஒரு மெல்லிய படலம் மிஞ்சும். கண்ணாடியில் யாரோ மூச்சு விட்டுப் போன மாதிரி இருக்கும். விளிம்பை மெத்தனாலில் நனைத்த காகிதத்தால் துடைத்தபோதுதான் இரண்டு குப்பிகளின் எண்கள் நீலமாக வழிந்து காணாமல் போயின.

"மீதித் துண்டு இருக்கா?" ஊசியின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஏது மீதி? சுண்டுவிரல் நகம் அளவுதான் கொடுத்தாங்க. அரைச்சாச்சு. கசடும் போயாச்சு."

"மறுபடி கேட்டா?"

"ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான்."

"சரி விடுங்க. பன்னிரண்டுல ரெண்டு. எழுதி வெச்சுட்டுக் கழிச்சுடலாம். இதுக்குப் போய் ஏன் முகம் இப்படி வெளுக்குது?"

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். "அதுல ஒண்ணு எங்க அக்கா."

வாயு உஸ்ஸென்று ஊதிக்கொண்டே இருந்தது.

"நம்பர்தானே வரும்? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூளை தானத்துக்கு அவ ஒப்புதல் கொடுத்த ரசீதுல அந்த நம்பர் இருந்துச்சு. போன வாரம் துண்டு வந்தப்பதான் பார்த்தேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா வேற கைக்குப் போயிருக்கும். 'என் மண்டைக்குள்ள என்னடி ஆச்சுன்னு நீயே பார்த்துச் சொல்லு'ன்னு நினைவு இருந்தப்பவே சொல்லிட்டுத்தான் கையெழுத்துப் போட்டா. 'உனக்குத்தான் கொழுப்பு ஜாஸ்தியாச்சே, உனக்குப் புரியும்'னு சிரிச்சா."

ஊசி சிரிக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார்.

அந்தப் பேனாவும் அக்காவுடையதுதான். நினைவு நழுவத் தொடங்கிய நாட்களில் அக்கா உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொள்வாள். 'தங்கச்சி, குட்டை முடி, சாயங்காலம் வருவாள்.' பாத்திரம் கழுவினால் எல்லாம் போய்விடும். ஈரக்கையை நீட்டிக்கொண்டு வருவாள். "யாருடி அழிச்சது?" "தண்ணிதான்க்கா அழிச்சுது, நான் இல்ல." "பொய்!" மறுபடி எழுதித் தர வேண்டும். பென்சில் முனை உடைந்த நொடியில், கை தானாகப் பைக்குள் போய் அந்தப் பேனாவைத்தான் எடுத்தது.

ஊசி முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ரகசியம் பேசுகிறவர் போலக் குனிந்தார்.

"இங்க பாருங்க. ஜோடி ஜோடியாத்தானே வருது? இந்த ரெண்டும் ஒரு ஜோடி, ஒருத்தர் நோய் உள்ளவங்க, ஒருத்தர் இல்லாதவங்க. நரம்புக்கு உறை போடற கொழுப்பு இந்த நோய்ல குறையுதுன்னு நாமளே எத்தனை பேருக்குப் பார்த்திருக்கோம். ரெண்டையும் ஏத்தறேன். எதுல குறைச்சலோ, அது அக்கா."

"அதைத்தான்யா கண்டுபிடிக்க உட்கார்ந்திருக்கோம். விடையைப் பார்த்துக் கேள்வி எழுதறதா?"

"கணக்குல சேர்க்க வேண்டாம் தாயே. உங்களுக்காக மட்டும். ஒரு மணி நேரம். யார் கேக்கப் போறா?"

அவள் வாயைத் திறந்தாள். ஆகட்டும் என்ற சொல் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. ஜன்னல் வெயிலில் இரண்டு குப்பிகளையும் தூக்கிப் பிடித்தாள். இரண்டு அடியிலும் ஒரே மாதிரிப் படலம், ஒரே மாதிரி மங்கலான பொன். வெயில் அவற்றின் வழியாக வந்து, அவள் உள்ளங்கையில் இரண்டு சின்ன வட்டமாக விழுந்து நடுங்கியது. ஒரு கணம் அந்த வட்டங்களுக்குள் எழுத்து இருப்பது போலத் தோன்றியது. உற்றுப் பார்த்தால் வெறும் வெளிச்சம்.

"வேண்டாம்."

"ஏன்?"

"எது குறைஞ்சிருக்குன்னு பார்த்து அக்கான்னு சொல்றதா? கடைசி மூணு வருஷமும் அதைத்தானே பண்ணினோம். இன்னிக்கு எது போச்சு, நேத்து எது போச்சுன்னு. அவ பாடிக்கிட்டே துணி மடிப்பா. அதை யாராவது எழுதி வெச்சோமா?"

ஊசி எழுந்து, மிச்சமிருந்த பத்துக் குப்பிகளைத் தட்டில் அடுக்கினார். ஒவ்வொன்றிலும் பென்சில் எழுத்தைத் தடவிப் பார்த்தார். போகிற போக்கில் தன் காதுமேல் செருகியிருந்த பென்சிலை எடுத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

பதிவேட்டில் அவள் எழுதினாள்: இரண்டு மாதிரிகள் நீக்கம். அடையாளம் அழிந்தது. தவறு என்னுடையது. ஒன்றின் எண் எனக்கு முன்பே தெரியும், மறைத்துவிட்டேன்.

அப்புறம் வாயுக் குழாயை மூடினாள். அத்தனை நேரமும் யாரோ பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்து, இப்போது நிறுத்திக்கொண்டது போல அறை அடங்கிற்று. கழிவுக் கலனின் மூடியைத் திறந்து வைத்தவள், இரண்டு குப்பிகளையும் ஒரே கைக்குள் பொத்திக்கொண்டு, நெஞ்சோடு சேர்த்து நின்றாள்.

"இந்தத் தடவை தண்ணி இல்லக்கா, நான்தான் அழிச்சேன். கோபமா?"