பட்டியலில் முதற் சொல்

அன்றைக்குப் போன் விளையாட்டில் வந்த ஏழு எழுத்துகளை உப்புவெளி பஸ்ஸில் நின்றபடியே பார்த்தேன். ஏ, ஈ, எல், என், ஆர், எஸ், ரீ. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் அவற்றை அந்த இணையப் பக்கத்தில் அடித்தேன். எழுத்துகளைக் கொடுத்தால் போதும், அவற்றைக் கொண்டு கட்டக்கூடிய இங்கிலீஷ் சொற்களையெல்லாம் நீளமானதிலிருந்து குட்டியானது வரைக்கும் அது கொட்டிவிடும். முதலாவதாக நின்றது 'அன்ற்லர்ஸ்'. கருத்தையும் பார்த்தேன், மான்கொம்பாம். எங்கள் ஊர்க் கோட்டை வாசலில் நின்று வாழைப்பழத் தோல் தின்கிற மான்களின் தலையில் இருப்பதற்கு இப்படியொரு பெயர் இருப்பது நாற்பது வயதில்தான் எனக்குத் தெரியவந்தது. சந்தோசமாக அனுப்பினேன். இவர் வழக்கம்போல 'நெட்' என்று ஒன்றை அனுப்பித் தோற்கட்டும்.

இவர் என்றால் என் மனுசன், பிரகலாதன். சீனன்குடாவில் வெல்டிங் வேலை பார்த்தவர், ஐந்து வருசத்துக்கு முன் கத்தாருக்குக் கப்பல் திருத்துகிற யாட் ஒன்றுக்குப் போனார். இங்கிலீஷ் தெரியாமல் போர்மனிடம் ஏச்சு வாங்கி அலுத்துப்போய் இந்த விளையாட்டைத் தன் போனிலும் என் போனிலும் போட்டுவிட்டவர் அவர்தான். தினமும் இரண்டு பேருக்கும் ஒரே ஏழு எழுத்து வரும். ஆளுக்கொரு சொல் அனுப்ப வேண்டும். நீளமான சொல்லுக்கு வெற்றி. இரண்டு பேரும் அனுப்பிய பிறகுதான் மற்றவரின் சொல் தெரியும்.

சித்திரைக்கு வந்துவிடுவேன், இனிப் போகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த மனுசன் தை மாதத்தில் ஒருநாள், சைக்கிளுக்கு ரயர் மாற்றின கதையைச் சொல்வதுபோல, இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டதாகச் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் இரண்டு வருசம் என்றால் என்ன என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

"அப்ப நான் ஆர் உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"குணேஸ், நீ விளங்கிக்கொள்ளு..."

"ஒண்டும் விளங்கத் தேவையில்ல. இனி எனக்குப் போன் எடுக்க வேண்டாம்."

சொன்னதோடு நிற்கவில்லை, அவருடைய நம்பரைத் தடுத்தும் வைத்தேன். எனக்கு ரோசம் வந்தால் அப்படித்தான். ஆனால் விளையாட்டை மட்டும் அழிக்கவில்லை. ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் தோற்கடிக்கத்தான் என்று சொல்லியிருப்பேன். பொய். அந்த மனுசனிடமிருந்து நாளுக்கு ஒரு சொல்லாவது வரட்டும் என்றுதான். விருந்தினர் விடுதியில் என்னோடு வேலை செய்கிற கிண்ணியா ஸஹ்ராதான் சொல் தேடுகிற அந்தப் பக்கத்தைக் காட்டித் தந்தாள். களவு விளையாட்டுத்தான். தினமும் அடித்து நொறுக்கினேன். அவர் 'ரின்', 'ராட்' என்று மூன்றெழுத்துச் சொற்களாக அனுப்பித் தோற்றுக்கொண்டே இருந்தார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அன்றைக்கு மத்தியானம் திறந்து பார்த்தால் அவர் பக்கத்திலும் அன்ற்லர்ஸ்.

முதலில் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவி, நீயும் கண்டுபிடித்துவிட்டாயா! அடுத்த நாள் 'கிரனைட்'. அங்கேயும் கிரனைட். அதற்கடுத்த நாளும் அப்படியே. நான் பட்டியலில் முதலாவதை எடுக்கிறேன், அவரும் முதலாவதை எடுக்கிறார். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. அந்தக் கிழமை தெரியாத கத்தார் நம்பர் ஒன்றிலிருந்து இரண்டு தரம் அழைப்பும் வந்தது. வேறு ஆருடையவோ போனை வாங்கி எடுக்கிறார், கெட்டிக்காரத்தனத்தைப் பார் என்று இரண்டு தரமும் வெட்டிவிட்டேன். வெட்டிவிட்டுச் சிரித்தேன் என்பதை இப்போது எழுதவே கை கூசுகிறது.

பத்து நாள் போனபோது கோபம் எங்கேயோ கழன்றுவிட்டது. துவாய்களை மடிக்கும்போதும், வெள்ளைக்காரருக்கு அறைத் திறப்பைக் கொடுக்கும்போதும், மத்தியானம் எப்போது வரும் என்றிருந்தது. ஒரே சொல் இரண்டு போனிலும் விழுவதை ஸஹ்ராவிடம் காட்டினேன்.

"மனுசன் இறங்கி வாறார் போல, அக்கா. நீங்களும் கொஞ்சம் இறங்குங்களன்," என்றாள்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. அவரால் வாயால் மன்னிப்புக் கேட்க ஏலாது. அந்தப் பரம்பரைக்கே ஏலாது. அதனால் நான் போடுகிற சொல்லையே தானும் போட்டு, நான் உன்னோடுதான் நிற்கிறேன் என்று சொல்கிறார். அப்படி நினைத்துக்கொண்டு இன்னும் எட்டு நாள் ஓட்டினேன். பத்தொன்பதாம் நாள் விளையாட்டின் மூலையில் இருக்கிற செய்திப் பெட்டியில் எழுதினேன்: "நீங்களும் பாத்துத்தானே போடுறீங்கள்? சரி, கோவமில்ல. சித்திரைக்கு ஒரு கிழமையாவது வந்திற்றுப் போங்கோ."

ஒரு மணித்தியாலம் கழித்துப் பதில் வந்தது. "அக்கா."

எந்தப் புருசன் பெண்சாதியை அக்கா என்று கூப்பிடுவான்? போனோடு கதிரையில் இருந்தேன்.

"அக்கா, நான் றிஸ்கான். மூதூர். அண்ணன்ட அறையிலதான் இருக்கிறன். அண்ணன் வேலை செய்யக்குள்ள உயரத்தில இருந்து விழுந்திட்டார். ஆஸ்பத்திரியில வச்சிருக்கு. இன்னும் கண் முழிக்கல்ல."

எத்தனை நாள் என்று கேட்டேன். இருபது நாளாம். கம்பனிக்காரர் தாங்களே வீட்டுக்கு அறிவிப்பதாகச் சொன்னார்களாம். அறிவித்ததாகத் தெரியவில்லை என்று இவன் அண்ணனுடைய போனிலிருந்து எடுத்துப் பார்த்தானாம், போகவில்லையாம். பிறகு தன்னுடைய போனிலிருந்து இரண்டு தரம்.

"நீங்க வெட்டினீங்க, அக்கா. எழுதுறதுக்கும் பயமா இருந்திச்சு. அண்ணன்ட போனில இந்த விளையாட்டு மணி அடிச்சிக்கிட்டே இருந்திச்சு. சொல்லு வராட்டி நீங்க பயந்திடுவீங்க, அவர் முழிச்சதும் அவரே சொல்லட்டும் எண்டு நினைச்சன். எனக்கு இங்கிலீஷ் வராது. நெட்டில தேடி முதலாவதா கிடந்தத போட்டன். குறை நினைக்காதீங்க."

அவனை என்ன குறை நினைக்க? குறையெல்லாம் என் கையில்தான் இருந்தது. அழைப்பை வெட்டிய அதே விரல். பதினெட்டு நாள் நான் முதலில் எரிந்தும் பிறகு குழைந்தும் பார்த்துக்கொண்டிருந்த சொற்களில் ஒன்றுகூட அவருடையதில்லை. அவர் கடைசியாகத் தானே யோசித்து அனுப்பியதைப் பின்னோக்கித் தேடிப் பார்த்தேன். 'ரோப்', கயிறு. நான்கு எழுத்து. அன்றைக்கும் நான்தான் வென்றிருக்கிறேன்.

அங்கே நாலு மணிக்கு நோயாளரைப் பார்க்க விடுவார்கள், இங்கே ஆறரை. அன்புவழிபுரத்து வீட்டில் குசினி வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். சொல்லி வைத்தபடி றிஸ்கான் வீடியோவில் எடுத்தான். முதலில் கூரை தெரிந்தது, பிறகு ஒரு குழாய், பிறகு மழித்த தலையில் கட்டு. உதடு வெடித்திருந்தது. ஆளைத் தெரியவில்லை. இருபது நாள் தாடிக்குள் கன்னம் எங்கேயோ போயிருந்தது. என் மனுசன் ஒருநாளும் தாடி விட்டவரில்லை.

"டாக்டர் கதைச்சுப் பாக்கச் சொன்னார், அக்கா. காதுக்கிட்ட வைக்கிறன். கதைங்க," என்றான்.

படம் இருண்டது. போனைக் காதோடு ஒட்ட வைத்துவிட்டான்.

தை மாதத்திலிருந்து இந்த மனுசனுக்குச் சொல்வதற்கென்று எத்தனை வசனம் சேர்த்து வைத்திருந்தேன்!

"இஞ்சாருங்கோ," என்றேன். "நான் குணேஸ்."

திரை கருப்பாகவே இருந்தது. தூரத்தில் ஏதோ ஒரு மெசின் விட்டுவிட்டுக் கத்தியது.

"ரெண்டு வருசமெண்டா ரெண்டு வருசம். நான் இருப்பன். நம்பரைத் திறந்து விட்டிட்டன். நீங்கள் எடுங்கோ. எந்த நேரமெண்டாலும் எடுங்கோ."

அப்போது அந்த இருட்டுக்குள்ளிருந்து கரகர என்று ஒரு சத்தம் வந்தது. தாடி போனில் உரசுகிற சத்தம். அவர் தலையை அசைத்தாரா, போனைப் பிடித்திருந்த றிஸ்கானின் கை அலுத்து அசைந்ததா? கேட்டால் சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கருப்புத் திரையை என் காதோடு இறுக்கிக்கொண்டேன்.