பதினேழாம் சிக்னல் முடிந்த பிறகு

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரைக்கு அக்காவின் போன் வரும். ஐந்து வருஷத்தில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அக்கா ஓர் ஊரில், தங்கை ஓர் ஊரில். அவரவர் வீட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ‘பதினேழாம் சிக்னல்’ தொடர் பார்ப்பார்கள். விளம்பரம் வந்தால் பேசுவார்கள், அதுவும் தொடரைப் பற்றி மட்டும். முடிந்ததும் “சரி, அடுத்த வாரம்” என்று அக்கா வைத்துவிடுவாள். மற்ற ஆறு நாளும் பேச்சு கிடையாது. சண்டை என்றும் சொல்ல முடியாது. அப்பா போன பிறகு அப்படி ஆகிப்போனது.

தங்கைக்கு நாற்பத்தாறு வயது. பல்செட் செய்யும் லேப் ஒன்றில், மெழுகில் பல் அடுக்கும் வேலை. நகக்கண்ணில் எப்போதும் இளஞ்சிவப்பு மெழுகு ஒட்டியிருப்பதால் அங்கே அவளுக்கு மெழுகம்மா என்றே பெயர்.

எட்டு வருஷம் ஓடிய தொடரின் கடைசி எபிசோட் அன்றைக்கு. ரயில் ஓட்டும் டிரைவரம்மாதான் கதாநாயகி. மலைச் சுரங்கம் சரிந்து, உள்ளே இருபது தொழிலாளிகள் மாட்டிக்கொள்கிறார்கள். யார் தடுத்தும் கேட்காமல் ஒரு பழைய எஞ்சினை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போகிறாள். பாறை நகரும் சத்தம். திரை இருண்டது. எங்கிருந்தோ ஒரு விசில் கேட்டது. பிறகு நடித்தவர்களின் பெயர்கள் வரிசையாக மேலே ஏறத் தொடங்கின.

“அவ்வளவுதானா?” என்றாள் அக்கா.

“அவ்வளவுதான் போல.”

“வெளியே வந்தாளா, வரலையா?”

“காட்டலையே.”

பெயர்கள் எல்லாம் ஓடி முடியும்வரை அக்கா போனை வைக்கவில்லை. பிறகு “சரி” என்றாள். அடுத்த வாரம் என்று சொல்ல ஏதும் இல்லாததால் அந்த ஒரு சொல்லோடு வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை லேபில் எல்லாருடைய கையும் வேலை பார்த்தது, வாய் சுரங்கத்துக்குள்ளேயே கிடந்தது. பாலிஷ் போடுகிறவர் மட்டும் மெஷினையே நிறுத்திவிட்டு வாதாடினார்.

“சுரங்கத்துக்குள்ள விசில் ஊதினா எதிரொலிக்கும். நேத்து எதிரொலி கேட்டுச்சா? கேக்கலை. அப்ப அவ வெளியே வந்துதானே ஊதியிருக்கணும்?”

“அது வெளியே நின்ன இன்னொரு வண்டிண்ணே,” என்றார் டெலிவரிக்காரர். செய்து முடித்த பல்செட்டுகளை கிளினிக் கிளினிக்காகக் கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர். “அவ வண்டி விசில் கரகரன்னு இருக்கும். எட்டு வருஷமாக் கேக்கறேன், எனக்குத் தெரியாதா? காலையில ஒரு கிளினிக்ல டாக்டர், பேஷண்ட் வாயில பல் அச்சு எடுக்கற மாவை வச்சு அழுத்திக்கிட்டே இதைத்தான் பேசிட்டிருந்தாரு. பாவம், அந்தாளுக்கும் ஏதோ சொல்லணும்போல. கையைக் கையை ஆட்டினாரு.”

சண்டை ஓய்கிற மாதிரி தெரியாததால் லேப் முதலாளியம்மா பிளாஸ்டர் கரைக்கும் ரப்பர் கிண்ணங்கள் இரண்டை மேஜைமேல் வைத்தார். ஒன்று ‘வெளியே வந்தாள்’, மற்றது ‘வரவில்லை’. கழித்துப்போட்ட செயற்கைப் பற்களில் ஆளுக்கு ஒன்று எடுத்துப் போட வேண்டும். டெலிவரிக்காரர் இரண்டு பல் போட்டு, கள்ள ஓட்டு என்று மாட்டிக்கொண்டார்.

“மெழுகம்மா, உங்க பல் எங்கே?”

அவள் ஒரு முன்பல்லை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றாள். வந்திருந்தால் சந்தோஷமா, வராவிட்டால் துக்கமா என்று தனக்குள் தேடிப்பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின், உதடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது.

“எனக்குத் தெரியலைங்க,” என்று பல்லைப் பழைய டப்பாவிலேயே போட்டுவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் டிவியைப் போடவில்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். சரியாக ஆறரைக்குப் போன் அடித்தது.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்ல. கை தானா போனை எடுத்துடுச்சு.”

“சரி.”

“ஒண்ணுமில்லைன்னு சொன்னது பொய். ஒரு விஷயம் இருக்கு. இன்னைக்கு விட்டா இனிமே உன்னைக் கூப்பிட எனக்கு ஒரு சாக்கு கிடையாது, சொல்லாமலே போயிடுவேன்.”

தங்கை கையிலிருந்த போர்வையைக் கீழே வைத்தாள்.

“அப்பா போனப்ப நான் பக்கத்துல இல்லைடி.”

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாளன்று தங்கை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா அவளைக் கட்டிக்கொண்டு, “உன் பேரைச் சொல்லிக்கிட்டே இருந்தாரு, என் கையைப் பிடிச்சுக்கிட்டே போயிட்டாரு” என்று சொன்னாள். தான் நேரத்துக்கு வந்து சேராததை அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் தங்கை தாங்கிக்கொண்டிருந்தாள்.

“பத்து நாளா அந்த ரூமே கதின்னு கிடந்தேன்,” என்றாள் அக்கா. “அன்னைக்கு அவரு நல்லாத் தூங்கினாரு. கீழே, வர்றவங்க உக்கார்ற ஹால்ல டிவி இருந்துச்சு. சிக்னல் போடற நேரம். ஒரு அரை மணி நேரம்தானேன்னு போனேன். நர்ஸ் வந்து தோளைத் தொட்டாங்க. நான் மேலே போறப்ப அவரு கை சூடாத்தான் இருந்துச்சு. பேரெல்லாம் சொல்லலை. அது நானாச் சொன்னது.”

தங்கை சுவரைப் பார்த்தாள். சுவரில் காலண்டர் மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது.

“அதுக்கப்புறம் அந்தத் தொடரைத் தனியாப் பாக்க முடியலை. பாக்காம இருக்கவும் முடியலை. அதான் உன்னைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு வாரமும் சொல்லிடலாம்னு நினைப்பேன். அதுக்குள்ள விளம்பரம் முடிஞ்சிடும்.”

“அன்னைக்கு எந்த எபிசோட்?” என்று தங்கை கேட்டாள். ஏன் அதைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

“பாலத்து மேல வண்டி நின்னுடுமே. உள்ளே ஒரு பொண்ணுக்குப் பிரசவ வலி வந்துடும்.”

“அது நல்ல எபிசோட்.”

“ஆமா,” என்றாள் அக்கா. “நல்லா இருந்துச்சு.”

இருவரும் போனை வைத்தார்கள். தங்கை மிச்சத் துணியை மடித்தாள், விளக்குமாற்றை எடுத்து ஏற்கெனவே பெருக்கியிருந்த அறையை மறுபடியும் பெருக்கினாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கோபமும் வரவில்லை.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வேலைக்குப் போய்வந்தாள். புதன்கிழமை ஒரு செட்டில் இடதுபக்கக் கோரைப்பல்லை வலதுபக்கம் வைத்து முடித்திருந்தாள். முதலாளியம்மா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“உங்க கையில இப்படி ஒரு தப்பை நான் பார்த்ததே இல்லையே. உடம்பு சரியில்லையா?”

“உடம்பு நல்லாத்தாங்க இருக்கு. மறுபடி அடுக்கித் தர்றேன்.”

வியாழன் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள், சாப்பிடாமல் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். அப்பா போன பிறகு, ஞாயிறு அல்லாத ஒரு நாளில் அவளாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அக்கா பதறிப்போய் எடுத்தாள்.

“என்னடி ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை. அந்த நர்ஸ் அப்பா பக்கத்துல இருந்தாங்களா?”

“இருந்திருப்பாங்க. அவங்கதானே கீழே வந்து கூப்பிட்டாங்க.”

“அப்பா ஏதாவது சொன்னாரான்னு கேட்டியா?”

“கேக்கலை. அப்ப தோணலை. அப்புறம் கேக்கப் பயம். ஒரு வருஷம் கழிச்சுத் தைரியமா போனேன், அவங்க வேற எங்கேயோ மாறிப் போயிட்டாங்களாம்.”

“அப்ப யாருக்கும் தெரியாது.”

“தெரியாது.”

பாலிஷ் மெஷின் நின்றிருந்தது. மதிய நேரம் என்பதால் லேபில் சத்தமே இல்லை.

“கோபமா?” என்றாள் அக்கா.

“தெரியலைக்கா. இன்னும் ஒண்ணுமே வரலை. வந்தா சொல்றேன்.”

“சரி. எப்ப வந்தாலும் சொல்லு. திட்டறதுன்னாலும் திட்டு.”

“ம்.”

“சாப்பிட்டியா?”

ஐந்து வருஷத்தில் அக்கா அதைக் கேட்டதில்லை. தங்கை திறந்திருந்த டப்பாவைப் பார்த்தாள்.

“இனிமேதான். நீ?”

“நானும் இனிமேதான்.”

“அப்ப எடுத்துட்டு வந்து உக்காரு. நான் லைன்லயே இருக்கேன்.”

அந்தப் பக்கம் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. தங்கை போனை ஸ்டூல் மேல் சாய்த்து வைத்து, கை கழுவிவிட்டு வந்து சாப்பிடத் தொடங்கினாள்.