சம்மதம் என்றொரு கட்டம்

சிகாகோவில் எங்கள் விமானக் கம்பெனியின் மூலதனச் செலவுப் பட்டியலைப் பதினொரு வருஷமாகப் பார்ப்பவள் நான், மோரீன் டல்லி. புது விமானம், இன்ஜின், ஹேங்கர் சாமான் எதுவானாலும் என் கையைத் தாண்டித்தான் போகும். அந்தத் திமிர் எனக்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

போன அக்டோபரில், முதலீட்டாளர்களிடம் சொல்லியிருந்த வரம்பை இரண்டு மில்லியன் டாலர் தாண்டிவிட்டோம். லாபம் நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் சொன்னதற்கு மேல் செலவழித்தால் பங்கு விலை இறங்கும். அதற்கு முன்பே என் மேலதிகாரி பிரெண்டாவின் முகம் இறங்கும். எதையாவது அடுத்த வருஷத்துக்குத் தள்ள வேண்டும். அதற்கு ஒரு விதி இருந்தது: சாமானைக் கேட்டவர் சம்மதிக்க வேண்டும். பட்டியலில் அதற்கென்றே ஒரு கட்டம்.

விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையான ஹேங்கரில் மெக்கானிக்குகள் ஏறி நின்று வேலை பார்க்கும் மேடைகள் இருபது வருஷப் பழசு. இரண்டு மில்லியனுக்குப் புதிது கேட்டிருந்தவர் தலைமை மெக்கானிக் லெஷெக். என் அண்ணனோடு படித்தவர். தவக்காலத்துக்கு முந்தின செவ்வாயன்று ஒரு பெட்டி நிறைய, ஜாம் வைத்துப் பொரித்த போலந்துப் பலகாரமான பொன்ச்கி கொண்டுவந்து, "தின்னு கணக்குப்பிள்ளை, எலும்பும் தோலுமா இருக்கே" என்று என்னை வம்புக்கு இழுப்பவர்.

போன் போட்டேன்.

"லெஷெக், இந்தக் குளிர்காலம் மட்டும் பழசை வச்சே ஓட்டிடுங்களேன்."

"என்னம்மா நீ, மேலே ஏறினா ஊஞ்சல் மாதிரி ஆடுது. மூணு தடவை எழுதிட்டேனே."

"எனக்காக. இல்லேன்னா பிரெண்டா என்னை வறுத்து எடுத்துடுவா."

சிரித்தார். "சரி, அழாதே. உனக்காகச் சமாளிக்கிறேன்."

'கேட்டவர் சம்மதித்தார்' என்று கட்டத்தை நிரப்பினேன். வரம்புக்குள் வந்துவிட்டோம். பிரெண்டா என் தோளைத் தட்டினாள். எனக்கும் ஒரே பெருமை.

ஜனவரியில் மேடையின் கைப்பிடி கழன்று லெஷெக் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபத்து என்று தெரிந்தே மேடையில் ஏறினார் என்று கம்பெனி அவர் மேலேயே குற்றம் சாட்டியது. அதற்கு ஆதாரம், மேடை ஆடுகிறது என்று அவரே எழுதிய மூன்று கடிதங்கள். கூடவே நான் நிரப்பிய கட்டம். நிரூபணமானால் இருபத்தெட்டு வருஷ வேலை போய்விடும்.

மார்ச்சில் விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் கெஞ்சித்தான் அவர் சம்மதித்தார் என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்துதான் போனேன்.

"அவரே சம்மதிச்சாரா?" என்றார் கம்பெனி வக்கீல்.

பிரெண்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல."

வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? அரைமணி நேரத்தில் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

லிப்ட் பக்கத்தில் ஊன்றுகோலோடு நின்றார். ஓடிப்போய், "நான் பாவி, லெஷெக். கெஞ்சினது நான்தான்னு சொல்லாம விட்டுட்டேன்" என்றேன். வெட்கங்கெட்ட அழுகை வேறு வந்தது.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நான் சரின்னு சொன்னது நிஜம்தானே, விடு. ஆனா ஆபீஸ் கேக்குதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, முடியாதுன்னு எழுதியே குடுத்திருப்பேன். கேக்குறது நம்ம மோரீன்னு நெனச்சிட்டேன்."